சீனச் சஹன்

சபியா உம்மாவின் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று கொழும்பு டொக்டர் அன்று காலையும் சொன்னார். கழுத்துக் கழலையை வெட்டி எடுத்து மூன்று மாதம். காயம் ஆறிவிட்டது, குரலும் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் கிழமை ஒரு சோற்றுப் பருக்கை புரைக்கேறி மூச்சு முட்டியதே, அந்தப் பயம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து மனுசிக்குப் பாலும் கஞ்சித் தண்ணீரும்தான். பதினொரு கிலோ குறைந்துவிட்டாள். இப்படியே போனால் அடுத்த மாதம் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டிவரும் என்றார் டொக்டர்.

அவளுடைய புருசன் முகைதீன்பாவா தலையை மட்டும் ஆட்டினார். சவளக்கடையில் பன்னிரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர், வெள்ளம் வரம்பை உடைத்தபோதும் கலங்காத மனிதர். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அன்று பயந்தார்.

வெளியே வந்ததும் கொழும்பில் வேலை செய்யும் மருமகன் அப்ராஸ், "மத்தியானமாயிட்டு மாமா, சைனீஸ் சாப்பிடுவமா?" என்று கேட்டான். மகள் றுஸ்னா அவனை முறைத்தாள்.

"கல்முனையில இல்லாத சைனீஸா?" என்றார் முகைதீன்பாவா. அவர் அறிந்த சீனா ஒரு பெட்டி ப்ரைட் ரைஸும் ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய்ப் பேஸ்ட்டும்தான்.

"அது நம்மட ஆக்கள் ஆக்குற சைனீஸ், மாமா. இது சீனாட வடமேற்குப் பக்கத்துச் சாப்பாடு. அங்க நம்மட மார்க்கத்து ஆக்கள் நிறைய இரிக்காங்க. கடைக்காரியும் முஸ்லிம்தான்."

உண்மைதான். முக்காடு போட்ட சீனப் பெண் கடை வாசலில் நின்று சலாம் சொன்னாள். முகைதீன்பாவா திகைப்பில் இரண்டு தரம் பதில் சலாம் சொன்னார். சபியா உம்மா கதிரையில் உட்காரும்போதே, "எனக்குத் தேத்தண்ணி மட்டும் காணும்" என்றாள்.

பெரிய தட்டுக் கோழி என்பதுதான் அந்தச் சாப்பாட்டின் பெயராம். பெயருக்குத் தக்கபடி வந்தது தட்டு. மேசையில் பாதி அதுதான். எலும்போடு வெட்டிய கோழி, உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், எல்லாம் மிதக்கும் சிவந்த ஆணம். கூடவே நாலு சின்னக் கிண்ணமும் நாலு சோடிக் குச்சியும் வந்தன. அவற்றை யார் பார்த்தது! நடுவில் பெரிய தட்டு, சுற்றிவர நாலு பேர். இது ஒரே தட்டில் எல்லாரும் கைபோட்டுத் தின்னும் சஹன் அல்லாமல் வேறென்ன? முகைதீன்பாவா எழும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார், பிஸ்மி சொன்னார், கையை வைத்தார்.

"மாமா, இத கிண்ணத்துல போட்டு..." என்று அப்ராஸ் தொடங்கினான். பக்கத்து மேசை ஒபிஸ்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அதற்குள் சபியா உம்மாவும் கை கழுவிவிட்டு வந்து நின்றாள். கல்யாண வீடு, கந்தூரி என்று நாற்பது வருசமாய்ச் சஹனில் உட்கார்ந்து பழகிய உடம்பு, அவளைக் கேட்காமலே எழும்பிப் போயிருக்கிறது. உட்கார்ந்தவள் கோழியைப் பிய்த்து மகள் பக்கம் ஒரு துண்டும் மருமகன் பக்கம் ஒரு துண்டும் தள்ளினாள். பிறகு ஒரு கிழங்கை ஆணத்தில் மசித்து, வெறுங்கையோடு இருப்பது மரியாதையில்லை என்பதுபோல் வாயில் வைத்தாள்.

றுஸ்னா உம்மாவின் தொண்டையையே பார்த்தாள். கிழங்கு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. பிறகு இறைச்சி.

முகைதீன்பாவாவுக்கு விசயம் பிடிபட்டது. சஹனில் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் முந்திக் கையெடுப்பதில்லை. எடுத்தால் மற்றவர்களும் அரைவயிற்றோடு எழும்பவேண்டிவரும். அப்படியென்றால், தான் கையெடுக்காதவரை இவளும் எடுக்கமாட்டாள். மேசைக்குக் கீழே மருமகனின் காலை மிதித்து, "தின்னுங்க மகன்" என்றார். அப்ராஸும் குச்சியை வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

பாதி முடிந்த நேரம் கடைக்காரி வந்தாள். கையால் தின்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடுப்பு வார் அகலத்தில் இருந்த நூடில்ஸை ஆணத்துக்குமேல் கொட்டிவிட்டுப் போனாள். கந்தூரியில் இரண்டாம் தரம் சோறு போடுவதுபோலவே இருந்தது. அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. சபியா உம்மா சாப்பிட்டாள். அல்லாஹ்வே, சாப்பிட்டாள்! முகைதீன்பாவாவின் நெஞ்சில் மூன்று மாதமாய்க் கிடந்த கல் அந்த மேசையிலேயே உருண்டு போனது. அவருக்கு வயிறு முட்டி மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு துண்டு மிளகாயையாவது தட்டில் உருட்டிக்கொண்டு, சாப்பிடுகிற பாவனையில் இருந்தார்.

கடைசி இறைச்சித் துண்டை அவர் அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நீ தின்னு புள்ள" என்றார்.

"எனக்கு எப்பயோ வயிறு நிறைஞ்சிட்டு."

"அப்ப ஏன் கையெடுக்கல்ல?"

"நான் எடுத்தா நீங்களும் எடுத்திருவீங்களே! மூணு மாசமா நீங்க சோத்தப் பிசைஞ்சி வச்சிட்டு எழும்பிப் போனது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களா? இண்டைக்காவது மனுசன் வயிறு நிறையத் திங்கட்டுமெண்டுதான் நான் கையெடுக்காம இருந்தன்."

முகைதீன்பாவா அந்தத் துண்டையும் தின்று முடித்தார். கண்ணில் வந்த தண்ணீருக்கு மிளகாய்தான் காரணம் என்று மகளிடம் சொன்னார். பிறகு கையை எடுத்தார். அப்போதுதான் அவளும் எடுத்தாள்.