நிமிர்ந்து பார்க்க நான்கு விநாடி

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலிலிருந்து நிமிர்ந்து பார்க்க வராமல் போயிற்று. சுளுக்கோ வலியோ இல்லை. நேரம் அளக்கும் அதிகாரி தன் படிவத்தில் 'நிமிர்ந்து பார்த்தல், நான்கு விநாடி, தேவையற்றது' என்று எழுதிக் கோடு போட்டான். அந்த அசைவு அவள் உடம்பை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். அதிகாரி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி.

எஃபிஷியன்சி என்ற சொல் அந்த ஆண்டுதான் அங்கே வந்து சேர்ந்தது. மேனேஜர் அதைச் சொல்லித்தான் பாராட்டினார், அதைச் சொல்லித்தான் ஆளைக் குறைத்தார், மின்விசிறிகளில் பாதியை நிறுத்தியதும் அதன் பேரில்தான். "அப்படின்னா என்னடா?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்ச நேரத்துல நிறைய வேலை செய்றதுதான், அக்கா."

"அதைத்தானே பதினாறு வருஷமா செஞ்சிட்டிருக்கேன்."

சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று தம்பி முதல் படிவத்தை அவள் பேரிலேயே தொடங்கினான். அவன் எதிரில் வந்து நின்றதும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் நான்கு விநாடி என்று அளந்தான்.

பிறகு வரிசை முழுக்க அப்படியே ஆனது. பட்டன் வைப்பவளுக்குக் கொட்டாவி போயிற்று. சட்டைக் கை தைப்பவளுக்குப் பக்கத்து மிஷின்காரியிடம் திரும்புவது போயிற்று. இஸ்திரிக்காரரால் வியர்வையைத் துடைக்க முடியவில்லை. அது தானாகவே கண்ணை விட்டு விலகிக் காதோரம் இறங்கப் பழகிக்கொண்டது. உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு கூடியது, தம்பிக்குக் கண்ணாடி அறை கொடுத்தார்கள். என்ன நடக்கிறதென்று தெரிந்தேதான் அவன் மற்றவர்களுக்கும் எழுதினான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

வீட்டில் கூப்பிட்டால் அக்காவின் பதில் வரும், முகம் வராது. படிவத்தைக் கிழித்தான், பலனில்லை. புதிதாக எடுத்து 'தேவை' என்று எழுதினான். மை தாளில் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. தரையில் உட்கார்ந்தால் அவள் பார்வையில் படலாம் என்பது முதல் வாரமே அவனுக்குத் தெரியும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவது? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவள் தூங்கிய பிறகே வீட்டுக்குள் நுழைவதும், எழுவதற்குள் கிளம்புவதுமாக ஒன்பது ஆண்டுகள் ஓட்டினான்.

பத்தாம் ஆண்டு ஒரு மதியம், எல்லாரும் பார்க்க, கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து அவள் மிஷினுக்குக் கீழே, நூல் குப்பையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கினான். அக்கா மிஷினை நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னடா, இப்படி நரைச்சிருச்சு?" என்றாள்.

அவன் அழுதான். அன்று முதல் தினமும் மதியம் அதிகாரி அங்கே தரையில்தான் உட்காருகிறார். துணி வண்டி தள்ளுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.