நாலாவது பாட்டில் ஒரு ஹாரன்

"கேட்டுட்டு சொல்லு ஹேமா. நல்லால்லன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும், நாளைக்கே நாகப்பன் மாமாவோட கம்பெனில போயி நின்னுடறேன். கிட்டாரையும் வித்துடறேன்."

சொன்னவன் தன் கிட்டார் ஆல்பத்தை அவள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போயே போய்விட்டான். எங்கே என்று ஹேமாவதி கேட்கவில்லை. திருநின்றவூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான், வேறெங்கே போவான் தமிழரசு?

ஒரு வார்த்தைதானே! அதைக் கல்யாணமான நாளாய் நாக்குக்கடியில் அடக்கி வைத்திருக்கிறாள் அவள். ஆவடித் தையல் கம்பெனியில் இவள் குனிந்த தலை நிமிராமல் தைக்க, அவன் சிநேகிதர்களோடு சேர்ந்து கம்பியை மீட்டிக்கொண்டிருந்தான். இப்போது மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து வைத்திருக்கிறார். கேட்காமலே சொல்லிவிடலாம். ஆனால் கேட்காமல் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவானே, பாவி. இயர்போனைக் காதில் சொருகினாள்.

ஒற்றைக் கம்பி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. டிரம்ஸ் வந்தது, கோபித்துக்கொண்டதுபோலப் போனது. இதோ பாடப்போகிறார்கள், இதோ பாடப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் பாடவில்லை. இரண்டாவதில் மிக்ஸியில் கல் மாட்டியதுபோல ஓர் இரைச்சல். உட்கார முடியவில்லை. எழுந்து துணி மடித்தாள். பாதியில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மூன்றாவது முடிவதற்குள் அந்தச் சின்ன அறையை எத்தனை தடவை சுற்றினாளோ. என்ன பாட்டு இது, மனுஷியை ஓரிடத்தில் இருக்க விடாமல்?

நாலாவதின் நடுவில் ஹாரன் கேட்டது. தண்ணி லாரி!

அவ்வளவுதான், இரண்டு எவர்சில்வர் குடங்களையும் இடுக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. கீழ்வீட்டுக் கன்னியம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, கொடத்த தூக்கிகினு ஓடியாற? கெணறு கிணறு வெட்டிட்டாங்களா?"

"லாரி வந்துச்சேக்கா!"

"எனக்கு கேக்காத லாரி உனக்கு மட்டும் வந்துச்சா? மொதல்ல காதுல கீறத கழட்டு."

காதுக்குள் மறுபடி ஹாரன். ஹேமாவதி அப்படியே நின்றுவிட்டாள். போன கோடையில் ஒரு நாள், லாரி வந்த நேரம், இவள் கீழிருந்து "வந்து கொடத்த புடிய்யா" என்று தொண்டை கிழியக் கத்த, அவன் மாடி ஜன்னலில் போனை நீட்டிக்கொண்டு மரம்போல நின்றான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை வாரம் முழுக்க ஓடியது. அன்றைக்கு அவன் போனில் பிடித்து வைத்த ஹாரன்தான் இது. குடங்கள் மோதுவதுகூடக் கேட்கிறது. இவள் கத்தியது மட்டும் இல்லை. அந்த இடத்தில் கிட்டார் ஏறியது, இழுத்தது, மூச்சு முட்டிப் பாதியில் உடைந்தது. அச்சு அசல் அவள் தொண்டைதான்.

சிரிப்பதா, செருப்பை எடுப்பதா என்று தெரியவில்லை. மேலே போய் நாலாவதையே திரும்ப வைத்தாள். முடிந்ததும் மறுபடி. ஹாரன் வந்தபோதெல்லாம் இப்போது ஏமாறவில்லை, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை ஹாரன் ரொம்ப நேரம் நீண்டது. இதை முன்னே கவனிக்கவில்லையே என்று கண்ணை மூடிக் கேட்டாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கன்னியம்மா.

"அடியே, லாரி வந்துட்டு போயே பூட்ச்சு! கீழேர்ந்து கத்தறேன், செவுடியாட்டம் குந்திகினு கீற! இனிமே புதங்கெழமதான். எங்கூட்ல ஒரு கொடம் கீது, சோத்துக்கு எடுத்துக்கோ."

பொழுது சாயத் தமிழரசு வந்தான். முகம் கழுவப் போனவன் காலிக் குடங்களைப் பார்த்தான்.

"லாரி வர்லியா?"

"வந்துச்சு."

"அப்பறம்?"

"கேட்டுகினு இருந்தேன்."

அவன் கையில் சோப்பு அப்படியே இருந்தது. "எப்படி கீது?"

"என் தொண்டயத்தான வாசிச்சு வெச்சிகீற?"

அவன் தலை குனிந்தான். "அத உடு. நல்லாகீதா, இல்லியா? ஒரு வார்த்த சொல்லு."

வார்த்தை நாக்கில்தான் இருந்தது. நல்லதா கெட்டதா என்றுதான் அவளுக்கே தெரியவில்லை. இயர்போனைப் பிடுங்கிவிட்டு, நாலாவதை வைத்து, போனைக் காலிக் குடத்துக்குள் இறக்கினாள். குடம் அதிர்ந்தது. சத்தம் அறையை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. ஹாரன்.

கீழே கன்னியம்மாவின் குரல்: "ஏய், லாரி திரும்பி வந்துகீது பார்றி!" எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பிளாஸ்டிக் குடங்கள் படியில் உருண்டன, யார் யாரோ ஓடினார்கள்.

தமிழரசு பதறிக் குடத்துக்குள் கையை விடப்போனான். ஹேமாவதி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. இப்பத்தான் நான் கத்தப்போறேன்."