தொண்டையில் எரிந்த எண்ணெய்

முதல் கரண்டி உள்ளே இறங்கியதும் சராந்தோஸுக்குத் தொண்டை எரிந்தது. இரண்டு முறை இருமினான். கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, முந்தின நாள் ஆலையிலிருந்து வந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இது நம்ம எண்ணெய் இல்ல.”

குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கனெல்லா திரும்பவில்லை. “பின்ன யாரோடதாம்?”

“எரியுது. அமிலம் ஏறின எண்ணெய். நம்ம மரத்து ஆலிவ் ஒரு வருஷம்கூட தொண்டையப் பிடிச்சதில்ல. வெண்ணெய் மாதிரி இறங்கும்.”

“லிகூர்கோஸ் அரைச்ச எண்ணெய் அது. அவனையா சந்தேகப்படுற? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

லிகூர்கோஸ் வெறும் ஆலைக்காரன் இல்லை. இவர்கள் கல்யாணத்தில் இருவர் தலையிலும் மலர்முடியை மாற்றி வைத்தவன். அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ‘கும்பாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேலான உறவு. முடி மாற்றியவனே முதல் குழந்தைக்கு ஞானத்தந்தை ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். குழந்தையின் உடம்பெல்லாம் பூசுகிற எண்ணெயை ஞானத்தந்தைதான் கொண்டுவருவான். அன்றைக்கு வியாழன். ஒரு திருடன் கொண்டுவரும் எண்ணெயை மகள் மேல் பூச விடுவதா? விடாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இனி முகம் பார்த்துப் பேசுவதுகூட மிஞ்சாது.

அவனால் சந்தேகத்தை உதற முடியவில்லை. ஆலைக்குக் காய் கொண்டுபோகிற எவனும் அதை விட்டு நகரமாட்டான். கழுவி, நசுக்கி, கூழாகப் பிசைந்து, குழாய் வழியே எண்ணெய் விழும்வரை பக்கத்திலேயே நிற்பான். அங்கேயே அடுப்பில் ரொட்டியை வாட்டி, விழுகிற எண்ணெயில் நனைத்துத் தின்பான். ஆலைக்காரன் சொந்த அண்ணனாக இருந்தாலும் அப்படித்தான். நேற்று சராந்தோஸ் நகர்ந்துவிட்டான். குழந்தைக்குத் தடுப்பூசி. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் டின்கள் நிரம்பி, மூடி, வரிசையாக நின்றன. பத்து டின்னாவது வரும் என்று நினைத்திருந்தான்; ஒன்பதுதான் இருந்தன. லிகூர்கோஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “எடுத்துட்டுப் போ கும்பாரே. போயி ருசி பாரு” என்றான்.

ஏன் முகத்தைப் பார்க்கவில்லை?

இன்னொன்றும் உறுத்தியது. இந்த வருஷம் காய் கறுக்கக் காத்திருக்காதே, பச்சையாகவே பறி, சாக்கில் கட்டாதே, கூடையில் போட்டு அன்றைக்கே கொண்டு வா என்று பத்து நாளாக நச்சரித்தவன் லிகூர்கோஸ்தான். எதற்கு அந்த அவசரம்? நேற்று ஆலையில் இவன் காய்க்கு முன்னால் அரைபட்டது பிரகோபிஸின் காய். பிரகோபிஸ் தரையில் விழுந்த காயையும் பெருக்கி அள்ளி, பத்து நாள் சாக்கில் அடைத்துவைப்பவன். சாக்கில் கை வைத்தால் சுடும். அவன் எண்ணெய் இவன் டின்னிலும் இவன் எண்ணெய் அவன் டின்னிலும் போயிருந்தால்?

அன்று சாயங்காலம் காப்பிக்கடையில் பிரகோபிஸே வாயைத் திறந்தான். “இந்த வருஷம் என் எண்ணெயில ஒரு வாசனை வருதுடா! இப்பத்தான் புல்லு வெட்டின மாதிரி. என் பொண்டாட்டி இருவது வருஷத்துல முதல் தடவையா என்னைப் பாத்து சிரிச்சா.”

“நீ பொறுக்குற காய்க்கு ஆட்டுப்பட்டி வாசனைதானே வரணும்?” என்றார் கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். சராந்தோஸ் சிரிக்கவில்லை. “அந்த ஆலையில டின்னை மூடுறதுக்கு முன்னாடி அவனவன் எண்ணெய அவனவன் பாத்துக்கங்க,” என்றான்.

ஒரே வாக்கியம்தான். பகடை உருட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாட்டில்களோடு நகரத்துக்குப் போனான். ஒன்றில் புது எண்ணெய். மற்றதில் போன வருஷத்தது, வீட்டு ஜாடியிலிருந்து எடுத்தது. எண்ணெயின் தரத்தை நாக்கால் தீர்மானிக்கும் குழுவில் இருபது வருஷமாக இருக்கும் கலிரோய் என்பவள், அவன் வாசலில் நிற்கும்போதே கேட்டாள். “யாரு ஏமாத்தினா?”

“எப்படித் தெரியும் மேடம்?”

“ரெண்டு பாட்டிலும் இந்த மூஞ்சியுமா வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் வர்றாங்க. மச்சானா, ஆலைக்காரனா?”

“ஆலைக்காரன். எனக்குக் கும்பாரேயும் அவன்தான்.”

“அடக் கடவுளே.”

நிறம் தெரியாத நீலக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினாள். முதல் கிண்ணத்தை மூடி, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, முகர்ந்தாள். பிறகு சூப்பு உறிஞ்சுவதுபோலச் சத்தமாக உறிஞ்சினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆப்பிள் துண்டு ஒன்றைக் கடித்துவிட்டு அடுத்ததை உறிஞ்சினாள். இருமினாள். மறுபடி இருமினாள். சிரித்தாள்.

“பாத்தீங்களா, உங்களுக்கே எரியுது,” என்றான் சராந்தோஸ்.

“எரியணும். எரிச்சல்னா அமிலம்னு யாரு சொன்னா? அமிலம் நாக்குக்குத் தெரியவே தெரியாது, சோதிச்சாத்தான் தெரியும். இது பச்சைக் காயை உடனே அரைச்சா வர்ற காரம். எக்ஸ்ட்ரா வெர்ஜின்னு சொல்ற முதல் தரத்துலயும் மேல. இந்த மாதிரி வருஷத்துக்கு நாலஞ்சுதான் என் மேசைக்கு வருது.” முதல் கிண்ணத்தை விரலால் தள்ளினாள். “இதுதான் கெட்டது. சாக்குல வெந்த காய். எக்ஸ்ட்ரான்னு சொல்ல வழியே இல்ல. அடுத்த தரத்துலயே தொத்திக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் கெட்டா விளக்கு எரிக்கத்தான் ஆகும்.”

அவள் தள்ளியது போன வருஷத்து எண்ணெய். அவன் வீட்டு எண்ணெய்.

சராந்தோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “லிகூர்கோஸ் உங்களுக்குச் சொந்தமா?”

கலிரோய்க்குக் கோபம் வரவில்லை. அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, கிண்ணங்களை இடம் மாற்றினாள். “இப்ப நீங்களே சொல்லுங்க. விழுங்கிட்டு ஓடாதீங்க. முதல்ல மோந்து பாருங்க.”

ஒன்றை முகர்ந்தான். அவனுக்குப் பழகிய வாசனை. ஆனால் சாப்பாடு இல்லாமல், ரொட்டி இல்லாமல், தனியாக முகர்ந்தபோது அது ஈரச் சாக்கின் வாசனையாக இருந்தது. மற்றதை முகர்ந்தான். தக்காளிச் செடியின் இலையை விரலில் கசக்கியதுபோல் இருந்தது. வாயில் வைத்தான். முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. இருமல் வந்தது. இன்னொரு வாய் வைக்கவேண்டும்போலவும் இருந்தது.

“சரி, நல்ல எண்ணெய்னே இருக்கட்டும். ஆனா இது என்னுதா?”

“யாருதுன்னு நாக்கு சொல்லாது. காயை என்ன பண்ணாங்கன்னுதான் சொல்லும். பச்சையா பறிச்சு, சாக்குல அடைச்சு அவிக்காம, அன்னைக்கே அரைச்சிருக்காங்க. அந்த நாள் அப்படிக் கொண்டுவந்தது யாரு?”

புதன்கிழமை ஆலை முற்றம் முழுக்கச் சாக்குகள்தான். கூடை கொண்டுவந்தவன் ஒரே ஒருவன். அதை இறக்கும்போது எல்லாரும் கேலி செய்தார்கள், முட்டைக் கடை வந்துவிட்டது என்று.

நேராக ஆலைக்குப் போனான். இயந்திரம் ஓடவில்லை. லிகூர்கோஸ் காலியான முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

“மூணு பேரு காலையில சாக்கைத் திருப்பி ஏத்திட்டுப் போயிட்டாங்க கும்பாரே,” என்றான், நிமிராமல். “நீ கடையில ஏதோ சொன்னியாமே.”

“எண்ணெய் என்னுதுதான். இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா அன்னைக்கு நீ ஏன் என் மூஞ்சியப் பாக்கல?”

துடைப்பம் நின்றது. “உன் எண்ணெயில ஒரு டின் பிரகோபிஸுக்குப் போச்சு.”

“என்னது?”

“அவன் காய் போன குழாய் பூரா நாத்தம்டா. அதுலயே உன்னுத விட்டா முதல்ல வர்றது அவன் அழுக்கோட வரும். அதனால முதல் டின்னை அவன் பக்கம் வழிய விட்டேன். கேட்டிருந்தா விட்டிருப்பியா?”

“செத்தாலும் விட்டிருக்கமாட்டேன்.”

“அதான் நீ ஊசி போடப் போன நேரத்துல செஞ்சேன்.”

“அப்ப நீ திருடன்தான்.”

“ஒரு டின்னுக்குத் திருடன். மத்த ஒம்போதுக்கு என்னன்னு கூப்பிடுவ?”

லிகூர்கோஸின் முகத்தில் சிரிப்பு இல்லை. “கடையில சொன்னதக் கடையிலயே திருப்பி எடுத்துக்கோ. இல்லாட்டி ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளப் பாரு. ஊருக்கு முன்னாடி திருடனா நின்னு உன் பொண்ணுக்கு நான் எண்ணெய் பூசமாட்டேன்.”

சனிக்கிழமை மதியம் கடை நிரம்பியிருந்தது. சராந்தோஸ் உட்காரவில்லை. “அன்னைக்கு நான் சொன்னது தப்பு,” என்றான். “எண்ணெய் என்னுதுதான். நல்ல எண்ணெய். எனக்குத்தான் ருசி தெரியல.”

ஒரு மூலையிலிருந்து ஒரு குரல், “எவ்வளவு குடுத்தான்?”

“ஞானஸ்நானச் செலவு பூரா ஞானத்தந்தையோடதுதானே,” என்றார் இன்னொருவர். “அதான் நாக்கு திரும்பிருச்சு.”

சராந்தோஸ் கொண்டுவந்திருந்த புது எண்ணெயைக் காப்பிக் கிண்ணங்களில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினான். வரிசையாக இருமினார்கள்.

“எரியுதேடா!”

“எரியணும்.”

“இவனுக்குப் பைத்தியம். பிரகோபிஸுது எவ்வளவு நல்லா இருந்துச்சு!”

பிரகோபிஸ் மார்பை நிமிர்த்தினான். அந்த எண்ணெயின் கதையைச் சொன்னால் இவர்கள் வாயை அடைத்துவிடலாம். ஆனால் ஒருவன் எண்ணெய் இன்னொருவன் டின்னுக்குப் போன ஆலை என்று தெரிந்தால், நாளைக்கு அங்கே ஒரு கூடைகூட இறங்காது. சராந்தோஸ் வாயை மூடிக்கொண்டான்.

லிகூர்கோஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நாளைக்கு எத்தனை மணிக்கு கும்பாரே?” என்று சராந்தோஸைக் கேட்டான்.

“பதினொண்ணு. பாதிரியார் காத்திருக்கமாட்டார்.”

“ரெண்டும் கூட்டுக் களவாணிங்க,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். கடை முழுக்க இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. லிகூர்கோஸ் ஒரு நாற்காலியை இழுத்து, சராந்தோஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.