நான்கு பேரும் சம்மதித்தால்

ஞாயிற்றுக்கிழமைகளில் பல் டாக்டரின் கிளினிக்குக்கு விடுமுறை. அன்று மதியம் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மேசையைப் போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து இன்னும் வெளிவராத ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். விண்வெளியில் கோள்களைப் பிடித்து, கப்பல் கட்டி, படை நடத்துகிற விளையாட்டு. வெளிவர இன்னும் நான்கு மாதம் இருந்தது. கையில் இருந்ததெல்லாம் ஒன்றரை நிமிட முன்னோட்டமும், அதைத் தயாரிப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை எழுதும் குறிப்பும்தான். நால்வருக்கும் அது போதுமானதாக இருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்றுகூட எண்ணி வைத்திருந்தார்கள்.

கவிழ்த்து வைத்த காகிதக் கோப்பைகள்தான் கோள்கள். டாக்டர் அளவெடுத்து வார்த்த சுண்ணப் பற்களில் வேண்டாமென்று ஒதுக்கியவை கப்பல்கள். கடைவாய்ப்பல் தாய்க்கப்பல், கோரைப்பல் போர்க்கப்பல், முன்பல் வேவு பார்க்கப் போவது. "எந்தப் புண்ணியவானோட பல்லோ, நம்ம எல்லையைக் காவல் காக்குது" என்பார் லாரி டிரைவர்.

டாக்டரும் டிரைவரும் போக, மூன்றாவது ஆள் லேப் அக்கா. பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுப்பவர். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரைக் காவல் வைத்துவிட்டு வருவார். நான்காவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். டிரைவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். மற்றவர்கள் முதல் கப்பலைக் கட்டி முடிப்பதற்குள் அவருடைய படை வாசலில் வந்து நிற்கும் என்பதால் அவருக்கு மின்னல் என்று பெயர்.

அந்தப் பெயருக்கு எட்டு மாதமாக அர்த்தமில்லாமல் போயிருந்தது. வலது கை விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் மடக்கவே முடிவதில்லை. மருந்தில் வலி குறையும், பழைய வேகம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். வேலையிலும் பழுது பார்ப்பதை விட்டுச் சோதனை பார்க்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு ஓடி ஓடி உதவுகிற மனிதருக்குத் தன்மேல் ஒருவர் இரக்கப்படுவதைத் தாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அவரவர் வீட்டிலிருந்து ஆடும் பழைய விளையாட்டில் தொடர்ந்து தோற்றபோது மவுஸ் சரியில்லை என்றார்.

புதிய விளையாட்டில் காலம் நிற்காமல் ஓடுமானால் அவரால் ஆட முடியாது. நடுவில் நிறுத்தி, யோசித்து, ஒவ்வொரு கப்பலுக்கும் நிதானமாகக் கட்டளை கொடுக்க முடிந்தால் ஆடலாம். எந்தக் குறிப்பிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவராகக் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்ற கேள்வி வரும். இன்றும் தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வேலை வந்துவிட்டது என்று சொல்லி விலகிவிடலாம் என்ற முடிவோடுதான் பஸ்ஸேறி வந்திருந்தார்.

அன்று கொஞ்சம் விசேஷமான நாள். அன்று முதல், பதிவு செய்த ஒவ்வொரு குழுவும் வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணிக்குத் தயாரிப்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அவர்கள் இணையதளத்திலேயே எழுத்தில் பதில் வரும். என்ன கேட்பது என்று மூன்று மணியிலிருந்து பேச்சு ஓடியது. வியாபாரக் கப்பல்களுக்கு வரி உண்டா என்று கேட்கலாம் என்றார் டாக்டர். டிரைவர் விடவில்லை. எரிபொருள் தீர்ந்தால் கப்பல் நடுவழியில் நிற்குமா நிற்காதா என்பது தெரியாமல் ஒரு திட்டமும் போட முடியாது, இது வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் புரியும் என்றார். டாக்டர் விட்டுக்கொடுத்தார்.

மின்னலின் யோசனையைக் கேட்டார்கள். மூன்று கோள்களைச் சுற்றிக் காவல் அரண் கட்டி, எதிரியாக வரும்வரை காத்திருக்கலாம் என்றார் அவர்.

"மறுபடியும் அரணா? டேய், உனக்கு மின்னல்னு பேர் வச்சவன் நான். ஆமைன்னு மாத்திடவா?" என்றார் டிரைவர்.

மின்னல் சிரித்தார். அரண் எங்கே வரும் என்று காட்டுவதற்காகக் கோரைப்பல் ஒன்றை இடது கையால் எடுத்தார். வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. தூரத்தில் இருந்த தாய்க்கப்பலுக்காக மட்டும் அதை ஒரு கணம் வெளியே எடுத்து, மணிக்கட்டால் தள்ளிவிட்டு மறுபடி மறைத்துக்கொண்டார். ஒரு கோள் சாய்ந்து உருண்டது. டிரைவர் அதைப் பிடித்து நிறுத்தி, பூமியை உருட்டிவிட்டாயே என்று கிண்டல் செய்தார்.

லேப் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் ஊரார் கைகளைப் பிடித்து நரம்பு தேடுகிறவர். மூன்று வாரமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது அது தெளிந்தது. இந்தக் கை எதற்குப் பயந்து அரண் கட்டச் சொல்கிறது என்பதும் புரிந்தது. மனதுக்குள் ஆண்டவனை ஒருமுறை நினைத்துக்கொண்டார். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு பலம் வேண்டும்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, இந்த வாரம் தட்டச்சு செய்வது தன் முறை என்று கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். பிறகு திரும்பிச் சொன்னார்.

"டிரைவர் தம்பி, கோவிச்சுக்காத. உன் கேள்விய அடுத்த வாரம் கேட்டுக்கலாம். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். ஆட்டத்த நடுவுல நிறுத்தி வைக்க முடியுமா, நிறுத்தி வச்சுக்கிட்டே கட்டளை குடுக்க முடியுமான்னு."

"அது எதுக்குக்கா? சண்டை நடுவுல டீ குடிக்கவா?"

"மாமியாருக்கு ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ மருந்து. அவங்க கூப்பிட்டா நான் எழுந்து போகணும். வந்து பாக்கும்போது என் படை மொத்தமும் சாம்பலா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. டிரைவர் முணுமுணுத்தார், ஆனால் மாமியார் என்ற சொல்லுக்கு அடங்கினார். மின்னல் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி போனது. பதில் வர இருபது நிமிடம் ஆனது. டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். ஆட்டத்தை நிறுத்தலாம். நின்றிருக்கும்போது எல்லாக் கட்டளைகளும் கொடுக்கலாம், நேரக் கணக்கு இல்லை. ஆனால் குழுவாக ஆடும்போது குழுவில் உள்ள அத்தனை பேரும் சம்மதித்தால்தான் ஆட்டம் நிற்கும்.

மின்னல் மூச்சை மெல்ல விட்டார். அவர் விட்டு முடிப்பதற்குள் டிரைவர் பேசினார். "அப்ப நான் சம்மதிக்க மாட்டேன். நல்ல வேகத்துல போற வண்டிய எவனாவது நடுரோட்டுல நிறுத்துவானா? அக்காவுக்கு வேணும்னா அஞ்சு நிமிஷம் குடுக்கலாம். மத்தபடி ஒருத்தரும் கேக்கக் கூடாது."

அக்கா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மின்னல் மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, கோள்களுக்கு நடுவே வைத்தார். மூட்டுகள் தடித்து, விரல்கள் பாதி மடங்கிய நிலையில் இருந்தன.

"கேக்கப் போறது நான்தாண்டா" என்றார். "அஞ்சு நிமிஷம் பத்தாது."

மின்னல் எல்லாவற்றையும் சொன்னார்: எட்டு மாதம், மருந்து, மாறிய வேலை, மவுஸ் மேல் போட்ட பழி, இன்று விலகிப் போக நினைத்து வந்தது. குரலை உயர்த்தாமல், லிஃப்ட்டில் என்ன பழுது என்று எழுதிக் கொடுப்பது போலச் சொன்னார். டாக்டர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, எந்த மருத்துவரிடம் காட்டுகிறார் என்று மட்டும் கேட்டார்.

டிரைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எட்டு மாதமாகத் தான் சொன்ன ஒவ்வொரு கிண்டலையும் அவர் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. மன்னிப்புக் கேட்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் பழக்கமில்லாத ஒன்று.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா நீ என்னைத் திட்டுறத நிறுத்திடுவ. அது வேற கஷ்டம்."

டிரைவர் நாற்காலியை மின்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு. நிறுத்துன்னு நீ சொன்னா நிக்கும். எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். அக்கா, டாக்டர், உங்களுக்கும் அதேதான். இவன் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்."

டாக்டர் தலையாட்டினார். தான் எப்போதோ சம்மதித்தாயிற்று என்றார் அக்கா. மின்னல் அவரைப் பார்த்தபோது, மாமியாருக்கு மருந்து நேரமாகிறதா என்று கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நன்றி சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் உதவி செய்கிறவர்களை ஆண்டவன் ஆங்காங்கே வைத்திருக்கிறான்.

"சரி, அரண எங்க கட்டணும்? சொல்லு" என்றார் டிரைவர்.

"அரண் வேணாம். நிறுத்தலாம்னா எதுக்கு அரண்?" மின்னலின் கண்ணில் பழைய குறும்பு வந்திருந்தது. "நேரா போய் அடிக்கலாம். நானும் டாக்டரும் பின்பக்கமா சுத்தி வர்றோம். அக்கா வேவு. நீ உன் மொத்தப் படையோட எதிரி வாசல்ல போய் நில்லு."

"நான் மட்டும் தனியாவா? அவன் என்னையில்ல முதல்ல அடிப்பான்?"

"ஆமா. அவன் கவனம் பூரா உன்மேல இருக்கணும். நம்ம நாலு பேர்ல அதிகமா சத்தம் போடுறவன் நீதான?"

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டிரைவர் மேசைமேல் தன் கப்பல்களை எண்ணிப் பார்த்தார். தன் படை பொடிப்பொடியாகப் போவதற்கான திட்டம்தான் அது. ஆனாலும் நல்ல திட்டம்.

"எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"நான் வர்ற வரைக்கும். கொஞ்சம் மெதுவாத்தான் வருவேன்."

"வா, வா" என்றார் டிரைவர். "நான் எங்க போகப் போறேன்."