அக்கா பேருக்கு மாறிய பாட்டுகள்

அக்காவின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதன் டிஸ்க்கில் பாட்டுகள் இருந்த பகுதியைத் தங்கை புதியதில் இணைத்தாள். பாட்டெல்லாம் கேட்டது, ஆனால் அக்கா திருத்தியதைச் சேமிக்கப் போனால், அனுமதியில்லை என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது.

"எல்லாருக்கும் திறந்து விட்டுடேன்மா," என்றார் அக்காவின் கணவர்.

"அப்புறம் யார் வேணா அழிச்சிடலாம், மாமா. கம்ப்யூட்டர் ஆளைப் பேரை வச்சு இல்ல, நம்பரை வச்சுதான் அடையாளம் பார்க்கும். பழைய மெஷின்ல அக்காவுக்கு இருந்த நம்பர்தான் இதுக்கெல்லாம் சொந்தக்காரர். இங்க அக்காவுக்கு வேற நம்பர், அதான் வேற யாரோன்னு நினைக்குது."

அத்தனை பாட்டின் உரிமையையும் அக்காவின் புதிய கணக்குக்கு மாற்றினாள். மற்றவர்களுக்குக் கேட்க மட்டும் அனுமதி வைத்தாள். அக்கா மறுபடி சேமித்தாள்; கம்ப்யூட்டர் முணுமுணுப்பில்லாமல் சேமித்துக்கொண்டது.

வெளியே காத்திருந்த பாடகியிடம், "என் தங்கச்சிதான் சரிபண்ணினா," என்றாள் அக்கா. தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.