இடம் மாறி விழுந்த கம்பைலர்

என் வாயில் சூடுதான் வைக்க வேண்டும். அன்றைக்கு அப்படிப் பேசினேன்.

ஷின்சு நகரத்தில் துறைமுகக் கிரேன்களுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. கிரேனின் இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து நாங்களே கட்டுவோம். பல்லாயிரம் கோப்புகளையும் கம்பைலர் ஒவ்வொன்றாக மெஷின் மொழிக்கு மாற்ற நாலு மணி நேரம் ஆகும். அதைப் பார்த்துக்கொள்வது பதினோரு வருஷமாக என் வேலை.

மறுநாள் வெளியீடு. காலையில் புதுப் பெண் பெய்-யுன் எழுதிய நிரலைச் சேர்த்தோம். வேலைக்கு வந்து இரண்டரை மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. பத்து மணிக்குக் கம்பைலர் விழுந்தது.

"என்னத்தம்மா எழுதித் தொலைச்ச? கம்பைலரே மண்டையப் போட்டுடுச்சு!"

"என் கோடு தப்புன்னா எந்த வரின்னு காட்டுமே லியாவ் அண்ணே. கம்பைலர் ஏன் சாகணும்? இன்னொரு தடவ ஓட்டுங்க."

ஓட்டினேன். வேறொரு கோப்பில் விழுந்தது. மூன்றாவது தடவை இன்னொன்றில். எதுவும் அவள் தொட்ட கோப்பு இல்லை.

"பாத்தீங்களா? நிரல்ல கோளாறுன்னா எத்தன தடவ ஓட்டினாலும் ஒரே இடத்துல விழும். இது இடம் மாறுது. மெமரி கெட்டிருக்கு. மெஷின நிறுத்திட்டு டெஸ்ட் போடலாம்ணே."

"நானூறு நாளா நிக்காம ஓடுது. ஓடுற மெஷின்ல எவனாச்சும் கை வைப்பானா? நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கறா!"

அந்த மெமரியை வாங்கிச் செருகி, அவசரத்தில் சோதிக்காமல் ஓடவிட்டவன் நான்தான். அந்த நானூறு நாளும் அன்றிலிருந்துதான் கணக்கு.

மெஷின் சமர்த்தாக ஓடட்டும் என்று படையல் மாதிரி அதன் மேல் வைத்திருந்த பச்சை உறைச் சோளப்பொரி பாக்கெட்டைப் புரட்டினேன். காலாவதியாகி ஒரு வாரம். எங்கள் பக்கத்தில் அது போதும், மெஷின் முரண்டு பிடிக்க. கடைக்கு ஓடிப் புதுப் பாக்கெட் வாங்கி வைத்தேன். கையோடு அவள் நிரலையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். கடைசிவரை ஓடியது! ஆபீசே கை தட்டியது.

"அந்தப் பொண்ணு கோடை எடுத்ததும் ஓடுதே, அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர் துங்.

"ஒரு தடவ ஓடினா போதுமா சார்? இன்னும் மூணு தடவ ஓட்டச் சொல்லுங்க" என்றாள் பெய்-யுன்.

யாரும் ஓட்டவில்லை. வெள்ளிக்கிழமை கிரேன்காரர்களுக்கு மென்பொருள் போனது. நிரந்தரமாக்க முடியாது என்று துங் சொல்லிவிட, பெய்-யுன்னும் போனாள். ஆபீஸ் செருப்பையும் டிபன் டப்பாவையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை கம்பைலர் மறுபடி விழுந்தது. அவள் எழுதிய ஒரு வரிகூட உள்ளே இல்லை. மெஷினை நிறுத்தி டெஸ்ட் போட்டேன். இருபது நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு. துங்கிடம் ஓடினேன்.

"சார், அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. மெமரிதான். அவளத் திரும்பக் கூப்பிடணும்."

அவர் கதவைச் சாத்தினார்.

"கூப்பிட்டு? மெஷின் கெட்டதுன்னா, போன வாரம் அனுப்பினதும் அதுல கட்டினதுதானே? கிரேன்காரன் கேட்டா நீ பதில் சொல்றியா? மெமரிய மாத்து. திரும்பக் கட்டி, அப்டேட்டுன்னு அனுப்பு. அவ விஷயம் முடிஞ்சுது."

சொன்னபடி செய்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தேன்.

பத்து நாள் கழித்து வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். இங்கே பழைய ஆபீசில் விசாரிக்காமல் எவரும் ஆள் எடுப்பதில்லை.

"பெய்-யுன் உங்க பேரத்தான் குடுத்தாங்க. லியாவ் அண்ணனக் கேளுங்க, நடந்தது அவருக்குத் தெரியும், பொய் சொல்ல மாட்டாருன்னாங்க. அவங்க கோடாலதான் எல்லாம் நின்னுதாமே, நெசமா?"

துங் டீ கோப்பையோடு என் மேஜையருகே வந்து நின்றார்.

"கெட்டிக்காரப் பொண்ணுங்க" என்றேன். "அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

எங்கள் ஊரில் அந்தப் பதிலுக்கு 'ஆளை எடுக்காதீர்கள்' என்றுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"புரியுதுங்க. நல்லவேளை, கேட்டேன்" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

துங் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.