கரி பஸ்ஸில் பாதி இடம்

யுத்த காலத்தில் ஒருநாள், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் கரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்; பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்கள் அடுப்புக்கரி வாயுவில்தான் ஓடின. வழியில் தெய்வசிகாமணி என்ற நிலக்காரர் கும்பிட்டபடி பஸ்ஸின் பின்னால் ஓடிவந்து ஏறினார்.

“மனுஷங்கதானே நீங்க? கொஞ்சம் நகந்து உக்காரக் கூடாதா?”

என் இடத்தில் பாதியைக் கொடுத்தேன்.

இரண்டு மைல் தாண்டியதும், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கூலிக்காரப் பெண் கை காட்டினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவணும் சாமி.”

“இடமில்ல, ஓட்டுப்பா!” முதலில் கத்தியவர் தெய்வசிகாமணிதான்.

“நீங்களும் இப்படித்தானே ஏறுனீங்க?” என்றேன்.

“நான் ஏறுனப்ப இடம் இருந்துச்சு” என்றார் கூசாமல்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் கெஞ்சி ஏறியவர்கள். கண்டக்டரிடம் சொல்லி, நான் இறங்கி அவளை ஏற்றிவிட்டேன். அவள் உள்ளே போவதற்குள் தெய்வசிகாமணி என் பாதியிலும் பரவி உட்கார்ந்துவிட்டார்.

“கீழ உக்காரு” என்றார் அவளிடம்.

அவள் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. நான் இரண்டு தரம் காறித் துப்பிவிட்டு அரியலூரை நோக்கி நடந்தேன்.